சோச்சியில் ஒரு பகலும் ஓர் இரவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்கோவில் வேலை பார்த்த காலத்தில் நான்கு முறை சோச்சி போய்வந்தேன். அன்றிலிருந்து, ரஷ்யா போகும் நண்பர்கள், அங்கே மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "ஒரு நாள்தான் கையில் இருக்கு, பகலில் எதைப் பார்ப்பது, ராத்திரி எங்கே போவது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளையெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதிவிட்டேன்.

ரஷ்யா என்றாலே பனிதானே, அங்கே ஏது கடற்கரை ஊர்?

கருங்கடலின் கிழக்குக் கரையில், காகசஸ் மலை ஏறக்குறைய கடலுக்குள்ளேயே இறங்கும் இடத்தில் இருக்கிறது சோச்சி. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை மலை மறித்துக்கொள்வதால் தெருவோரத்தில் பனைக் குடும்பத்து மரங்கள் நிற்கும், மூங்கில் வளரும், மலைச்சரிவில் தேயிலைகூட விளையும். மழையும் தாராளம்: ஆண்டுக்கு 1,700 மி.மீ. வாக்கில், சென்னையைவிட அதிகம்.

ஒன்றைக் கவனியுங்கள். பெரிய சோச்சி என்பது கரையோரமாக ஏறக்குறைய 145 கி.மீ. நீளும் சமாச்சாரம். "சோச்சியில் மலிவாக அறை" என்று பார்த்துப் பணம் கட்டிவிட்டு, வந்து இறங்கிய பிறகு அது வடக்கே லாசரெவ்ஸ்கோயேயில் இருப்பதைக் கண்டு விழித்தவர்களை எனக்குத் தெரியும். நகர மையம் என்றால் ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே உள்ள பகுதி. வரைபடத்தைப் பார்த்துவிட்டே அறை எடுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

செப்டம்பர், இல்லையென்றால் அக்டோபர் தொடக்கம். ரஷ்யர்கள் இதை "வெல்வெட் பருவம்" என்பார்கள். கடல் இன்னும் சூடாக இருக்கும், கூட்டம் பாதியாகியிருக்கும், பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் கரையில் துண்டு விரிக்க இடம் தேடவேண்டும். ஆனால் இரவுக் கொண்டாட்டம்தான் முக்கியம் என்றால் அந்த இரண்டு மாதம்தான் சரி, மற்ற நாட்களில் திறந்தவெளி பார்கள் பல மூடிவிடும்.

இப்போது அங்கே போவது பாதுகாப்பா?

நேராகச் சொல்கிறேன், முழுப் பாதுகாப்பு என்று யாரும் சொல்லமுடியாது. போர் நடக்கிறது. 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் டிரோன் தாக்குதலில் அங்கே ஓர் எண்ணெய்க் கிடங்கு தீப்பிடித்தது. விமான நிலையத்தைத் திடீர் திடீரென மூடுவார்கள், சில மணி நேரம் கழித்துத் திறப்பார்கள். மொபைல் இன்டர்நெட்டையும் அப்படியே நிறுத்துவார்கள். ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் பழகிப்போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்து நீங்களும் அலட்சியமாக இருக்கவேண்டாம். சைரன் கேட்டால் கரையிலிருந்து எழுந்து கட்டடத்துக்குள் போய்விடுங்கள். திரும்பும் விமானத்துக்கும் அடுத்த வெளிநாட்டு விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாளாவது இடைவெளி விடுங்கள்.

விசா, பயணம், பணம்?

இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து மின்விசா உண்டு. தங்கும் நாள் வரம்பு ஏற்கெனவே மாறியிருக்கிறது, விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். மாஸ்கோவிலிருந்து விமானம் முன்பு இரண்டரை மணி நேரம்தான், இப்போது போர்ப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போவதால் நான்கு மணி நேரத்தை ஒட்டி வரும். ரயில் என்றால் ஒரு முழு நாள் பிடிக்கும். நேரம் இருப்பவர்கள் மாடி ரயிலில் போங்கள், கடைசிச் சில மணி நேரம் தண்டவாளம் கடலை உரசிக்கொண்டே போகும்.

வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. ரொக்கம்தான். ரூபிளும் ரூபாயும் இப்போது கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று, மனக்கணக்கு சுலபம். சிம் வாங்குவது 2025 முதல் வெளிநாட்டவருக்குப் பெரிய வேலையாகிவிட்டது, முகமும் குரலும் பதிவு செய்யச் சொல்வார்கள். ஒரு நாள் பயணத்துக்கு அது தேவையா என்று யோசியுங்கள். விடுதி வைஃபையில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

ஒரு நாளில் நகரம், மலை, ஒலிம்பிக் பூங்கா மூன்றையும் பார்த்துவிடலாமா?

முடியும். பார்த்த மாதிரி இருக்காது. நான் முதல் தடவை அப்படித்தான் ஓடினேன். மிச்சமிருக்கும் ஞாபகம் முழுக்க ரயில் ஜன்னல்.

மலையா நகரமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மலை என்றால் கிராஸ்னயா பொலியானா, அங்கே ரோசா குதோர் என்கிற பனிச்சறுக்குத் தலம். தொங்கு வண்டியில் 2,320 மீட்டர் உயரத்து ரோசா சிகரம் வரை போகலாம், கீழே எல்லாரும் கடலில் குளிக்கும்போது மேலே மே மாதத்திலும் பனி கிடக்கும். போகிற வழியில் 207 மீட்டர் உயரத்தில் 439 மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் பாலம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து காலில் கயிறு கட்டிக்கொண்டு குதிக்கவும் விடுகிறார்கள். நான் நடந்தேன், குதிக்கவில்லை, அதற்காக வருத்தமும் இல்லை. நகர மையத்திலிருந்து ரோசா குதோருக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம் வாக்கில் ஆகும், ஆக ஒரு முழுப் பகல் போய்விடும். இரவு வாழ்க்கையும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் மலையைச் சொல்வதில்லை. பகலில் நகரம், மாலையில் ஒலிம்பிக் பூங்கா, இரவில் மறுபடி நகரக் கடலோரம். கீழே எழுதியிருப்பது அந்தக் கணக்கில்தான்.

சரி, காலையில் எங்கே தொடங்குவது?

ரயில் நிலையத்திலேயே. வண்டி பிடிக்கும் அவசரத்தில் பலரும் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 1952-இல் கட்டியது. மாஸ்கோ மெட்ரோவின் அழகான நிலையங்கள் சிலவற்றை வடிவமைத்த அலெக்செய் துஷ்கின் என்பவர் கட்டியது. 55 மீட்டர் கோபுரம், அதன் கடிகாரத்தில் 12 ராசிகள். நம் ஊர் ஜோசியர் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து காட்டவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

அங்கிருந்து பஸ் பிடித்து தென்ட்ராரி என்கிற மரப்பூங்காவுக்குப் போங்கள். 1892-இல் செர்கேய் குதெக்கோவ் என்ற பத்திரிகை அதிபர் தன் சொந்த நிலத்தில் தொடங்கியது. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் மரம் கொண்டுவந்து நட்டிருக்கிறார். மலைச்சரிவில் இருப்பதால், தொங்கு வண்டி ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள். ஓடினால் மேலே போய் இறங்கி, நிதானமாக நடந்து கீழே வாருங்கள். ஓடாவிட்டால் ஏறுவதற்கு மூச்சு வாங்கும், வயதானவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு குளிர்கால நாடக அரங்கு. 1938-இல் திறந்தது, சுற்றிலும் 88 தூண்கள். வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

ஸ்டாலின் தங்கிய வீட்டைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் உள்ளே விடும் நேரம் நிலையாக இருப்பதில்லை, முன்னாலேயே விசாரித்துவிட்டுப் போங்கள். மையத்திலிருந்து, விமான நிலையம் இருக்கும் ஆத்லெர் போகும் வழியில், ஒரு சானடோரிய (ஓய்வும் சிகிச்சையும் தரும் விடுதி) வளாகத்துக்குள், மரங்களுக்கு நடுவே இருக்கிறது. 1937-இல் கட்டிய வீடு. கடலிலிருந்து பார்த்தாலும் மேலிருந்து பார்த்தாலும் காட்டோடு காடாகத் தெரியவேண்டும் என்று முழுக்கப் பச்சை வண்ணம். உள்ளே பில்லியர்ட்ஸ் அறை, சின்ன நீச்சல் குளம், மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும் மெழுகு ஸ்டாலின். சுற்றுலாக் கூட்டம் மெழுகு பொம்மையோடு படம் எடுத்துவிட்டுப் போய்விடும். எனக்கு மனதில் நின்றது வீட்டைக் கட்டிய மிரோன் மெர்ஜானோவ் கதைதான். ஸ்டாலினுக்குப் பல வீடுகளை வரைந்து கொடுத்த அந்த மனிதரை 1942-இல் கைது செய்து முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

'வீரம் விளைந்தது' எழுதியவரின் வீடு சோச்சியிலா இருக்கிறது?

ஆமாம். தோழர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் இதைக் கேட்பார்கள். நிகொலாய் ஆஸ்த்ரோவ்ஸ்கி பார்வை இழந்து, உடல் முடங்கி, படுத்தபடியே எழுதியவர். கடைசி ஆண்டுகளில் பெரும்பகுதியைச் சோச்சியில் கழித்தார். 1936-இல் அரசு கட்டிக்கொடுத்த வீட்டில் சில மாதங்கள்தான் இருந்தார், அதே டிசம்பரில் மாஸ்கோவில் இறந்துபோனார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். மையத்திலேயே இருக்கிறது, கூட்டமே இருக்காது. அவர் படுத்திருந்த அறையில் நின்றபோது, எங்கள் ஊர் நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த அந்தப் புத்தகம் நினைவுக்கு வந்தது. படித்தவர்கள் கட்டாயம் போங்கள், படிக்காதவர்களுக்கு அது ஒரு பழைய வீடு.

கடலில் குளிக்க என்ன ஏற்பாடு?

முதல் அதிர்ச்சி: மணல் கிடையாது. எல்லாம் கூழாங்கல். வெறுங்காலோடு இறங்கினால் தண்ணீருக்குப் போய்ச் சேர்வதற்குள் பரதநாட்டியமே ஆடிவிடுவீர்கள். ரப்பர் செருப்பு கரையோரக் கடைகளில் கிடைக்கும். கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் வந்துவிடும், நீச்சல் தெரியாதவர்கள் இடுப்பளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடை மாற்ற வளைந்த தகரத்தடுப்பு ஒன்று நிறுத்தியிருப்பார்கள், காலும் தலையும் வெளியே தெரியும்.

அலையை உடைக்க கான்கிரீட் மேடைகள் கடலுக்குள் நீட்டியிருக்கும். பெரியவர்கள் அதன்மேல் படுக்காமல், கையை இடுப்பில் வைத்துச் சூரியனைப் பார்த்தபடி நின்றே காய்வார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் திரும்புவார்கள், அப்பளம் சுடுகிற மாதிரி. நடுவே ஒரு பெண் தோளில் பையோடு "கரியாச்சயா குகுருஸா!" என்று கூவிக்கொண்டு போவார். சூடான சோளம். உப்பு தடவித் தருவார்.

சாப்பாடு? சைவத்துக்கு வழி உண்டா?

உண்டு, காகசஸ் பக்கம் இருப்பதால் மாஸ்கோவைவிட நன்றாகவே உண்டு. ஜார்ஜியச் சாப்பாட்டுக்கடை எதிலாவது நுழையுங்கள். கச்சாப்பூரி என்பது சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி. படகு வடிவத்தில் வருவதன் நடுவே முட்டை இருக்கும், வட்டமாக வருவதில் மேலே முட்டை இருக்காது. லோபியோ என்றால் சிவப்பு ராஜ்மா, கொத்தமல்லித் தழையெல்லாம் போட்டு மண்சட்டியில் தருவார்கள், அது ஒன்று போதும் நமக்கு. கத்தரிக்காயை நீளமாக வறுத்து வால்நட் விழுது வைத்துச் சுருட்டித் தருவதும் அருமை. போர்ஷ் சூப்பை மட்டும் நம்பாதீர்கள், காய்கறி மிதக்கும், கொதித்தது மாட்டு எலும்பில். "பெஸ் மியாசா" என்றால் இறைச்சி இல்லாமல். கோழியை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்களும் உண்டு, அதையும் தனியாகக் கேளுங்கள்.

அசைவம் சாப்பிடுபவர்கள் பராபூல்கா கேளுங்கள். நம் நகரை மீனின் உறவுதான், விரல் நீளம் இருக்கும், மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள், முள்ளோடு கடிக்கலாம். மிளகாய்த்தூள் இல்லையே என்று ஒரு கணம் தோன்றும், இரண்டாவது மீனில் மறந்துவிடும்.

மலிவாக வேண்டுமென்றால் ஸ்தலோவயா என்று பலகை போட்ட கேன்டீன்கள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய்க் கையைக் காட்டினால் போதும், மொழி வேண்டாம்.

ஒலிம்பிக் பூங்காவில் இப்போது என்ன இருக்கிறது?

2014 குளிர்கால ஒலிம்பிக்குக்குச் சுமார் 5,000 கோடி டாலர் செலவானதாகச் சொல்லப்பட்டது. தொடக்க விழாவில் ஐந்து வளையங்களில் ஒன்று விரியாமல் போனதை நீங்களும் டிவியில் பார்த்திருக்கலாம். இப்போது அது பெரிய திறந்தவெளி, நடக்கலாம், சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றலாம். நடந்தே சுற்றிவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், கால் போய்விடும். ஃபிஷ்த் ஸ்டேடியம் அங்கேதான். 2018 உலகக் கோப்பையில் போர்ச்சுகலும் ஸ்பெயினும் 3-3 என்று முடித்த ஆட்டம், ரொனால்டோவின் மூன்று கோல், எல்லாம் அங்கே நடந்தது. சுற்றுச்சாலைகளில் 2014 முதல் 2021 வரை ஃபார்முலா ஒன் ஓடியது.

நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2014 நவம்பரில் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு இரண்டாம் முறை மோதியது இந்த வளாகத்தில்தான். ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் ஒரு நிமிடத்தில் வேறு ஏதோ ஆடிவிட்டார், கிடைத்த சிப்பாயை எடுக்கவில்லை. கடைசியில் பட்டம் 6½-4½ என்று கார்ல்சனுக்கே போயிற்று. அங்கே நின்றுகொண்டு கூட வந்த ரஷ்ய நண்பரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஃபவுண்டன் தொடங்கப் போகிறது, வா" என்றார்.

ஃபவுண்டன் என்றால் இசைக்கு ஆடும் நீரூற்று. கோடையில் இருட்டியதும் தொடங்கும். விளக்கு, பாட்டு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் மிகைதான், ஆனாலும் வாயைப் பிளந்து பார்த்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நில்லுங்கள், இல்லாவிட்டால் தொப்பலாக நனைவீர்கள்.

அங்கிருந்து நகரத்துக்கு எப்படித் திரும்புவது?

லாஸ்தொச்கா ரயில். பெயருக்குத் தகைவிலான் குருவி என்று பொருள். சுத்தம், ஏசி, நேரத்துக்கு வரும். இரவு ஓட்டம் குறைவு, கடைசி வண்டி எப்போது என்று போகும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் யாண்டெக்ஸ் டாக்சி. இன்டர்நெட் நிறுத்தியிருந்தால் ஆப் வேலை செய்யாது, நிலையத்து வாசலில் நிற்கும் டாக்சிக்காரர் அதைப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

இரவில் முதலில் எங்கே?

துறைமுகம். 1955-இல் கட்டிய மோர்ஸ்கோய் வக்ஸால் என்ற கப்பல் நிலையம், 71 மீட்டர் ஊசிக்கோபுரம். இரவில் விளக்கு போட்டதும் கேக் மாதிரி நிற்கும். முன்னால் படகுகள். அங்கே தொடங்கிக் கடலோர நடைபாதையிலேயே வடக்குப் பக்கம் நடந்தால் ரிவியேரா பூங்கா வரை போகலாம். பாட்டுக்காரர்கள், கித்தார், பஞ்சுமிட்டாய், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் அப்பாக்கள், சோச்சி ஆற்றின் மேல் பாலம், அப்புறம் திரும்பக் கடல். நள்ளிரவுக்கும் குடும்பம் குடும்பமாக நடப்பார்கள். நான் கிளப்புக்கும் போயிருக்கிறேன், நடைபாதையிலும் சுற்றியிருக்கிறேன். இரண்டில் ஒன்றுதான் என்றால் நடைபாதையைச் சொல்வேன்.

கிளப்புக்குப் போகவேண்டும் என்றால்?

பெயர் சொல்லிப் பயனில்லை, கடலோரக் கிளப்புகள் ஒரு கோடையில் திறந்து அடுத்த கோடையில் வேறு பெயரில் நிற்கும். நடைமுறையைச் சொல்கிறேன்.

வாசலில் "ஃபேஸ் கன்ட்ரோல்" என்று ஒரு பழக்கம். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் முதலில் உங்கள் காலைப் பார்ப்பார், பிறகு முகத்தை. கடற்கரைச் செருப்பு, அரைக்கால் சட்டை என்றால் முடிந்தது கதை. ஆண்கள் மட்டும் நாலைந்து பேராகப் போனாலும் சிரமம். "வேண்டாம்" என்று சொல்லமாட்டார், "இன்று உள்ளே தனியார் நிகழ்ச்சி" என்பார். உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அதே தனியார் நிகழ்ச்சிக்கு உள்ளே போவார்கள். நிறத்தைப் பார்த்து மறுத்தார்களா, செருப்பைப் பார்த்தா என்று உறுதியாகச் சொல்லமுடியாது. எனக்கு ஒரு முறை நடந்தது. வாக்குவாதம் செய்யவில்லை, பக்கத்திலிருந்த கரோக்கி பாரில் நுழைந்தேன், அங்கே நடுத்தர வயதுப் பெண்கள் ஐந்து பேர் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள், அன்று இரவு நன்றாகவே போயிற்று.

மேசை வேண்டுமென்றால் "டெபாசிட்" கேட்பார்கள். அது நுழைவுக் கட்டணம் கிடையாது, அந்தத் தொகைக்குச் சாப்பிட்டு, குடித்துக் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் திரும்ப வராது. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பதினொரு மணிக்கு முன்னால் போனால் நாற்காலிகள் மட்டும்தான் இருக்கும்.

சூதாட்ட விடுதி உண்டாமே?

மலையில், கிராஸ்னயா பொலியானாவில். ரஷ்யாவில் 2009 ஜூலையிலிருந்து குறிப்பிட்ட சில வட்டாரங்களைத் தவிர மற்ற இடங்களில் கேசினோ தடை. பிறகு இந்த இடத்துக்கு அனுமதி கொடுத்து, 2017 ஜனவரியில் திறந்தார்கள். 18 வயது, பாஸ்போர்ட். நகரத்திலிருந்து இரவில் போய்வர டாக்சிக் காசே ஒரு சூதாட்டம்.

மது விஷயத்தில் என்ன விதி?

சோச்சி இருக்கும் கிராஸ்னதார் வட்டாரத்தில் கடைகளில் இரவு 10 மணிக்கு மேல் காலை 11 வரை விற்கமாட்டார்கள். பாரில் உட்கார்ந்து குடிக்கத் தடையில்லை. பூங்கா, தெரு, கடற்கரையில் பாட்டிலைத் திறந்தால் அபராதம். பிளாஸ்டிக் பாட்டிலில் "வீட்டுச் சரக்கு" என்று சாச்சா என்கிற திராட்சைச் சாராயமோ திராட்சை மதுவோ விற்பார்கள், அதன் பக்கம் போகாதீர்கள்.

எதில் ஏமாற்றுவார்கள்?

புறா. நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன், ஒருவர் சிரித்தபடி வந்து என் தோளில் வெள்ளைப் புறாவை வைத்தார், அதற்குள் இன்னொருவர் தலையில் ஒன்று வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் நாலு புறா. நான்தானே படம் எடுத்தேன், என் போன்தானே என்றால், ஒரு புறாவுக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்கிறார்கள். கொடுத்தேன். குரங்கு, ஆந்தை, கிளி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. யாராவது பறவையோடு நெருங்கினால் கையைக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்துவிடுங்கள்.

இன்னொன்று கொஞ்சம் பெரியது. ஆப்பில் பழகிய பெண் "எனக்குத் தெரிந்த ஒரு இடம்" என்று ஒரு பாருக்கே கூட்டிப்போவார், பில் வரும்போது தலை சுற்றும். இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

என் மனைவியும் அவள் தோழியும் மட்டும் ஒரு முறை போனார்கள். விளக்கு இருக்கும் கடலோரத்தில் ஒரு மணி வரை நடந்ததில் தொந்தரவு இல்லை என்றார்கள். கூடப் படம் எடுத்துக்கொள்ளக் கேட்டவர்கள்தான் அதிகமாம். தெருவில் கை காட்டி வண்டி நிறுத்தவேண்டாம், ஆப்பில் வரும் டாக்சியே போதும் என்பது அவர்கள் அறிவுரை.

அப்காசியா டூர் என்று கரையில் கூவுகிறார்களே?

வேண்டாம். அப்காசியா என்பது எல்லைக்கு அந்தப் பக்கம், ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் பகுதி. மின்விசா ஒரே ஒரு முறை நுழைவதற்குத்தான். எல்லையைத் தாண்டினால் திரும்ப வர வழியில்லை.

சோச்சி என்ற பெயருக்கு என்ன பொருள்?

அங்கே முன்பு வாழ்ந்த மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். இந்தக் கரையில் உபிக் என்ற இனத்தார் இருந்தார்கள். 1864-இல் காகசஸ் போர் முடிந்ததாக ரஷ்யப் படை அணிவகுப்பு நடத்திய இடம் இன்றைய கிராஸ்னயா பொலியானா. அதன் பிறகு உபிக்குகளும் மற்ற சிர்காசியர்களும் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி உதுமானியப் பேரரசுக்குப் போகவேண்டியதாயிற்று. உபிக் மொழியில் 80-க்கும் மேற்பட்ட மெய்யொலிகள், உயிரொலி இரண்டோ மூன்றோதான். நமக்கு மெய் 18. அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் தெவ்ஃபிக் எசென்ச் 1992-இல் துருக்கியில் இறந்தார். இதை எழுதிய பலகை எதையும் நடைபாதையில் நான் பார்க்கவில்லை.

அதிகாலை விமானம், அதற்காக ஒரு அறை எடுக்கவேண்டுமா?

நான் எடுக்கவில்லை. பையை ரயில் நிலையத்தில் கொடுத்துவிட்டு, பார் மூடியதும் கடலோரத்துக்கே வந்துவிட்டேன். நாலு மணிக்கே கான்கிரீட் மேடையில் தூண்டில்காரர்கள் வந்துவிடுகிறார்கள். ஒரே கயிற்றில் வரிசையாகக் கொக்கி கட்டி, இரையே இல்லாமல் மேலும் கீழும் ஆட்டி, வெள்ளி மாதிரி மின்னும் சின்ன மீன்களை மூன்று நான்காக இழுத்தார்கள். கடலில் சூரிய உதயம் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள், கடல் மேற்குப் பக்கம். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் மலையிலிருந்து வரும். அது தண்ணீரைத் தொடும்போது எழுந்து நிலையத்துக்கு நடந்தால் ஆத்லெர் போகும் முதல் வண்டிக்குச் சரியாக இருக்கும். விமானம் ஓடுகிறதா என்று மட்டும் கிளம்புவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.